பெர்னினா மலைப்பாதை: சுற்றுலா ரயிலா, சாதாரண ரயிலா?

சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் நகரிலிருந்து இத்தாலியின் திரானோவுக்குச் செல்லும் பெர்னினா ரயில் பாதை, 2008ல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. 2,253 மீட்டர் உயரத்தைத் தொட்டு, சுமார் 429 மீட்டருக்கு இறங்குகிறது.

இதில் ஓடும் பெர்னினா எக்ஸ்பிரஸ் சுற்றுலா ரயிலுக்கு முன்பதிவு கட்டாயம். பயணச்சீட்டுக்கு மேல் அதற்குத் தனிக் கட்டணம். சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருப்போரும் அதைச் செலுத்தவேண்டும். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று.

அதே தண்டவாளத்தில் பெரும்பாலும் மணிக்கு ஒன்றாகச் சாதாரண ரயிலும் செல்கிறது. அதே ஏரி, அதே பனிமலை, புரூசியோவின் அதே வட்டப் பாலம். முன்பதிவு தேவையில்லை. ஆல்ப் குரூமில் இறங்கிச் சூடாக ஒரு காப்பி குடித்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கலாம். சில பெட்டிகளில் சன்னலைத் திறக்க முடியும். சுற்றுலா ரயிலின் கண்ணாடி பெரிதுதான், ஆனால் திறக்காது. படங்களில் உங்கள் முகமும் பிரதிபலிக்கும்!

வயதான பெற்றோருடன் செல்வோருக்கு உறுதியான இருக்கை முக்கியம். அவர்களுக்குச் சுற்றுலா ரயில் நல்லது. மற்றவர்கள் சாதாரண ரயிலையே எடுக்கலாம். திரானோ நோக்கிச் செல்லும்போது வலப்பக்கம் அமருங்கள். எல்லை கடப்பதால் கடப்பிதழைத் தங்கும் விடுதியில் விட்டுவிட வேண்டாம்.