நெரிசலும் நோயும்: ஒரு கணக்கின் வரலாறு

சொந்த ஊரை விட்டுப் பெருநகரங்களில் குடியேறி வாழும் நமக்கு இரண்டு அனுபவங்கள் புதியன அல்ல. ஒன்று சாலையில் நேர்வது. தில்லியிலோ மும்பையிலோ பெங்களூரிலோ காலையில் வேலைக்குப் புறப்படுகிறோம். சீராக ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் திடீரென்று நிற்கின்றன. முன்னே ஏதோ விபத்து நேர்ந்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்கிறோம். கால் மணி நேரம் ஊர்ந்து சென்றபின் வழி தானே திறக்கிறது. பார்த்தால் அங்கே விபத்தும் இல்லை, பள்ளமும் இல்லை. மற்றொன்று மருத்துவமனையில் நேர்வது. உற்றார் ஒருவருக்கு மூளையில் கட்டி என்று கண்டறிகிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்து அவர் தேறி வீட்டுக்கும் வந்துவிடுகிறார். சில மாதங்களுக்குப் பின் நோய் திரும்புகிறது. "எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாகச் சொன்னார்களே, மறுபடியும் எங்கிருந்து வந்தது?" என்று வீட்டார் கேட்கிறார்கள்.

இவ்விரண்டு கேள்விகளுக்கும் உறவு உண்டு என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். முதற்கேள்வி பொறியியலைச் சார்ந்தது. இரண்டாவது மருத்துவத்தைச் சார்ந்தது. ஆயினும் கணித அறிஞர்கள் இரண்டையும் ஒரே கணக்கின் துணைகொண்டு ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு வளர்ந்த வரலாற்றைச் சற்றே காண்போம்.

கணக்கின் அடிப்படை நமக்குப் பழக்கமானதே. மளிகைக் கடைக்காரர் மாலையில் இருப்புப் பார்க்கிறார். காலையில் இருந்த அரிசியோடு வந்த மூட்டைகளைக் கூட்டி, விற்றதைக் கழித்தால், மீதம் இருக்கவேண்டிய அளவு கிடைக்கிறது. சாலையின் ஒரு சிறு துண்டையும் இவ்வாறே ஒரு கடையாகக் கருதலாம். அதனுள் நுழைந்த வண்டிகள் வரவு; வெளியேறியவை செலவு. உடலின் ஒரு சிறு திசுப்பகுதிக்கும் இது பொருந்தும். அங்கே மட்டும் மூன்றாவது பத்தி ஒன்று வேண்டும். ஏனெனில் உயிரணுக்கள் வந்து போவதோடு நில்லாமல், இருந்த இடத்திலேயே பிளந்து பெருகவும் செய்கின்றன.

முதலில் சாலைக்கு வருவோம். 1930-களில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்ற பொறியாளர் சாலையோரத்தில் சலனப்படக் காமிரா ஒன்றை நிறுத்தி, ஓடும் வண்டிகளைப் படம் பிடித்தார். படச்சுருளிலிருந்து வண்டிகளின் வேகத்தையும், அவற்றின் இடைவெளியையும் அளந்தார். வண்டிகள் நெருங்க நெருங்க வேகம் சீராகக் குறைகிறது என்று 1935-ல் எடுத்துக்காட்டினார். இதிலிருந்து ஒரு முடிவு தானே வருகிறது. வெறிச்சோடிய சாலையில் வேகம் மிகுதி. ஆனால் கடந்து செல்லும் வண்டிகளோ சில. முற்றும் அடைத்த சாலையில் வண்டிகள் பல. ஆனால் எதுவும் நகர்வதில்லை. இரண்டுக்கும் நடுவே, சாலை பாதி நிறைந்திருக்கும்போதுதான் மிகுந்த வண்டிகள் கடக்கின்றன. அந்த எல்லையைத் தாண்டியபின் நுழையும் ஒவ்வொரு வண்டியும் மற்றவற்றின் போக்கைக் குறைக்கிறது.

20 ஆண்டுகளுக்குப் பின், 1955-ல், இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லைட்ஹில், விட்ஹாம் என்ற இருவர் அடுத்தடுத்து இரு கட்டுரைகளை வெளியிட்டனர். முதலாவது, நீண்ட ஆறுகளில் வெள்ளம் நகர்வதைப் பற்றியது. இரண்டாவது, நெரிசல் மிகுந்த நீண்ட சாலைகளைப் பற்றியது. வெள்ளத்துக்கு எழுதிய வரவு செலவுக் கணக்கையே அவர்கள் வண்டிகளுக்கும் எழுதினார்கள். மறு ஆண்டில் அமெரிக்காவில் ரிச்சர்ட்ஸ் என்பவரும் தனியே இதே முடிவுக்கு வந்தார். அக்கணக்கு காட்டிய உண்மை இது: சாலை பாதிக்குமேல் நிறைந்துவிட்டால், வண்டிகள் முன்னோக்கிச் சென்றாலும், தடையின் அலை பின்னோக்கிச் செல்கிறது. முன்னே ஒருவர் வேகத்தைக் குறைக்கிறார். அவர் பின்னால் வருபவர் குறைக்கிறார். அவருக்கும் பின்னால் வருபவர் குறைக்கிறார். முதலில் குறைத்தவர் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். அவர் எழுப்பிய அலையோ இன்னும் பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

தடை எதுவுமே இல்லாமல் நெரிசல் பிறக்கக்கூடுமா? ஓட்டுநர்கள் முன்வண்டியைக் கண்டு செயற்படுவதில் உண்டாகும் சிறு தாமதத்தையும் கணக்கில் சேர்த்தபோது, பிறக்கக்கூடும் என்ற விடை கிடைத்தது. 2008-ல் வெளியான ஒரு ஜப்பானிய ஆராய்ச்சி இதைக் கண்ணெதிரே காட்டியது. 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதையில் 22 கார்களை, மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராக ஓட்டச் சொன்னார்கள். சந்திப்பு இல்லை, விளக்கு இல்லை, குறுக்கே வருவோர் இல்லை. சற்று நேரத்தில் சில கார்கள் முழுதும் நின்றுபோயின. அந்த நெரிசல் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. இந்த வேகத்தில் ஓர் அலை 15 நிமிடத்தில் 5 கிலோமீட்டர் பின்னால் வந்துவிடும். நாம் நிற்கும் இடத்தில் காரணத்தைத் தேடிக் காணாமற்போவது ஏன் என்பது இப்போது விளங்கும்.

கணக்கை எழுதுவது வேறு, போட்டு முடிப்பது வேறு. சாலையைச் சிறு துண்டுகளாகவும், காலத்தைச் சிறு கணங்களாகவும் பகுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு கணத்திலும் இருப்பைக் கணக்கிட்டுச் செல்லவேண்டும். இதற்கான நெறியொன்றை 1928-ல் ஜெர்மனியில் கூரான்ட், ஃபிரீட்ரிக்ஸ், லூவி என்ற மூவர் வகுத்தனர். துண்டின் நீளத்துக்கு ஏற்ப நேரத்தின் அளவும் சிறியதாக இருக்கவேண்டும் என்பது அந்நெறி. 50 மீட்டர்த் துண்டுகளில் விநாடிக்கு 10 மீட்டர் செல்லும் வண்டிகளைக் கணக்கிடும்போது, ஒரு தடவைக்கு 5 விநாடிக்கு மேல் தாவக்கூடாது. தாவினால், வண்டி ஒரு துண்டைக் கணக்கில் வராமலே கடந்துவிடும். விடைகள் பிழையாகிப் பெருகிக் கணக்கே சிதறிப்போகும். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பின்னர் இம்மூவரும் ஜெர்மனியை விட்டு வெளியேறி அமெரிக்காவில் வாழ நேர்ந்தது. பிறந்த மண்ணைத் துறந்தவர்களின் இந்த நெறி, மின்னணுக் கணிப்பொறி தோன்றியபின் உலகெங்கும் அன்றாடக் கருவியாயிற்று.

இனி மூன்றாவது பத்திக்கு, அதாவது பெருகுதலுக்கு வருவோம். இதன் வரலாறு நம் நாட்டிலிருந்தே தொடங்குகிறது. 1897 ஆகஸ்டு 20-ந் தேதி செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற இராணுவ மருத்துவர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதன்பின் அவரை வேறொரு கேள்வி வாட்டியது. ஓர் ஊரில் கொசுக்களை ஒழித்தால், வெளியிலுள்ள கொசுக்கள் எவ்வளவு தூரம் உள்ளே வரும்? ஒரு குளத்தில் பிறந்த கொசு தன் வாழ்நாளில் எவ்வளவு தூரம் அலையும்? 1904-ல் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு மாநாட்டில் இதைக் கணக்காகவே அவர் எடுத்துரைத்தார்.

இக்கேள்வியில் ஈடுபட்ட கார்ல் பியர்சன் 1905-ல் அதை ஒரு புதிராக வெளியிட்டார். ஒருவன் சில கஜம் நடக்கிறான். மனம்போன திசையில் திரும்பி மறுபடியும் அவ்வளவே நடக்கிறான். இப்படிப் பல தடவை. இறுதியில் அவன் எங்கே இருப்பான்? ராலே பிரபு விடையளித்தார். 100 அடி வைத்தவன் புறப்பட்ட இடத்திலிருந்து சராசரியாகப் பத்தடி அளவிலேயே இருப்பான்; 10,000 அடி வைத்தவனும் நூறடி அளவில்தான் இருப்பான். இலக்கின்றி அலைபவன் வெகுதூரம் போவதில்லை.

ஆனால் அலைபவன் பெருகவும் செய்தால்? 1937-ல் இங்கிலாந்தில் ரொனால்டு ஃபிஷரும், மாஸ்கோவில் கொல்மகோரொவும் அவருடன் இருவரும் இதற்குத் தனித்தனியே விடை கண்டார்கள். அலைதலும் பெருகுதலும் சேர்ந்தால், மாறாத வேகத்துடன் முன்னேறும் ஓர் அலை உண்டாகிறது. பெருகும் விகிதத்தையும் பரவும் அளவையும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, அதை இரட்டித்தால் அவ்வேகம் கிடைக்கும். ஒன்று தனித்து நின்றால் தளர்ந்துபோகும். இரண்டும் இணைந்தால் தளராமல் முன்னேறும். இதை எழுதிய சில மாதங்களில், 1938 ஜனவரியில், ஃபிஷர் கல்கத்தாவுக்கு வந்து முதலாவது இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார் என்பது நாம் நினைவுகூரத்தக்கது.

1951-ல் ஸ்கெல்லம் என்பவர் இக்கணக்கை உயிரினங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். வட அமெரிக்காவைச் சேர்ந்த கஸ்தூரி எலிகள் ஐந்து, 1905-ல் பிராக் நகருக்கு அருகே விடப்பட்டு, பெருகி, ஆண்டுதோறும் புதிய பகுதிகளைப் பிடித்தன. அவை பரவிய பரப்பின் வர்க்கமூலத்தை ஆண்டுகளுக்கு எதிரே குறித்தபோது, புள்ளிகள் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டில் அமைந்தன. காகிதத்தில் கண்ட அலை காட்டிலும் வயலிலும் நகர்ந்திருந்தது.

இதே அலை மனித மூளையிலும் நகர்கிறது என்று அறிய மேலும் பல ஆண்டுகள் சென்றன. அதற்கு முன்பே மருத்துவர்கள் கசப்பான பாடமொன்றைக் கற்றிருந்தார்கள். அமெரிக்க அறுவை நிபுணர் வால்டர் டாண்டி, கிளையோமா எனப்படும் கட்டியால் வாடிய சிலருக்கு மூளையின் வலப்பாதி முழுவதையுமே அகற்றிவிட்டு, அதுபற்றி 1928-ல் எழுதினார். இதற்குமேல் அகற்ற என்ன இருக்கிறது? அப்படியிருந்தும் நோய் திரும்பியது.

ஏன் திரும்பியது என்பதை 1990-களிலும் அதன் பின்னும் சியாட்டில் நகரத்தில் மர்ரே, ஆல்வர்டு, ஸ்வான்சன் முதலானோர் செய்த கணக்குகள் தெளிவாக்கின. கொசுவுக்கும் எலிக்கும் எழுதிய அதே சமன்பாட்டை அவர்கள் கட்டியின் உயிரணுக்களுக்கு எழுதினார்கள். மூளையின் உருவத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, கணிப்பொறியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இருப்பைக் கணக்கிட்டார்கள். மூளையின் வெண்பகுதியிலுள்ள நரம்பு இழைகள் இந்த உயிரணுக்களுக்குச் சாலைகளாக அமைகின்றன. சாம்பல்நிறப் பகுதியைவிட அங்கே அவை விரைந்து அலைகின்றன. கணக்கில் கட்டிக்குக் கூரிய விளிம்பு என்பதே இல்லை. நடுவில் அடர்ந்திருக்கும் உயிரணுக்கள் வெளியே செல்லச் செல்ல மெலிந்துகொண்டே போகின்றன. ஓரளவு அடர்ந்த பகுதியைத்தான் ஸ்கேன் படம் காட்டும். படத்தின் எல்லை நோயின் எல்லை அன்று. அறுவைக்கத்தி எட்டுவதற்கு நெடுநாள் முன்பே சில உயிரணுக்கள் புறப்பட்டுப் போயிருக்கின்றன.

அலையின் சீரான வேகத்துக்கும் சான்று கிடைத்தது. மெதுவாக வளரும் வகைக் கிளையோமா கொண்ட 27 நோயாளிகளின் படங்களை ஒப்பிட்ட பிரெஞ்சு மருத்துவர்கள், சிகிச்சைக்கு முன் கட்டியின் விட்டம் ஆண்டுக்குச் சராசரி 4 மில்லிமீட்டர் அளவில் ஒரே சீராக வளர்ந்தது என்று 2003-ல் அறிவித்தனர்.

இந்தக் கணக்குகளுக்கு எல்லைகளும் உண்டு. சாலைக் கணக்குகள் பெரும்பாலும் ஒரே வகை வண்டிகள் வரிசை தவறாமல் செல்லும் சாலைகளைக் கருதி எழுதப்பட்டவை. நம் சாலைகளிலோ பேருந்தும் ஆட்டோவும் ஸ்கூட்டரும் சைக்கிளும் கிடைத்த இடைவெளியிலெல்லாம் புகுந்து செல்கின்றன. எனவே நம் பொறியாளர்கள் ஒரு காரை அலகாகக் கொண்டு மற்ற வண்டிகளை அதற்கு ஈடாக மாற்றிக் கணக்கிடுகிறார்கள். மூளைக் கணக்கிலும் ஒருவரின் நோய் இன்னொருவரின் நோயைப் போல் பெருகுவதில்லை. இரண்டு படங்களை வைத்துக்கொண்டு ஒருவருடைய வருங்காலத்தை நாள்குறித்துச் சொல்லிவிட முடியாது. அறுவை சிகிச்சை வீண் என்றும் இக்கணக்கு சொல்லவில்லை. கட்டியின் பருமனைக் குறைப்பது மூளையின் மேலுள்ள அழுத்தத்தைக் குறைக்கிறது. பலருக்கு ஆயுளையும் நீட்டிக்கிறது. ஆனால் படத்தில் தெரியாமல் தங்கிவிட்டவற்றுக்காகக் கதிர்வீச்சும் மருந்தும் ஏன் உடன் வேண்டியிருக்கின்றன என்பதை அது விளக்குகிறது.

தொடக்கத்தில் கேட்ட இரு கேள்விகளுக்கும் இனி விடை கூறலாம். நெரிசலில் சிக்கும்போது முன்னே நிற்பவரைக் குறை கூறுகிறோம். அவரும் நம்மைப் போலவே, கடந்துபோன ஒரு காரணத்தின் அலையில் அகப்பட்டவராக இருக்கக்கூடும். நோய் திரும்பும்போது மருத்துவரின் கையை ஐயுறுகிறோம். அல்லது வேறோர் ஊருக்கு முன்னமே அழைத்துச் சென்றிருக்கலாமே என்று நம்மையே நொந்துகொள்கிறோம். மூளைக் கிளையோமா போன்ற நோயில், எவ்வளவு திறமையான கையும் எட்டமுடியாத இடத்துக்கு அது முன்னமே சென்றிருக்கிறது என்பதைக் கணக்கு காட்டுகிறது. துயரத்தை அது தீர்க்காது. ஆனால் ஒரு வீட்டார் தம்மேல் தாமே சுமத்திக்கொள்ளும் பழியையேனும் இறக்கி வைக்க உதவும். செகந்தராபாத்தில் ஒரு கொசுவிலிருந்து கிளைத்த கேள்வி நமக்கு அளித்துள்ள பயன்களில் இதையும் ஒன்றாகக் கொள்வோம்.