மலைமேல் ஓர் ஊர்: திருமலையை நிர்வகித்தவர்கள்

"திருப்பதி போய் வந்தோம்" என்று நம் அங்கத்தினர்கள் சொல்லும்போது உண்மையில் இரண்டு ஊர்களுக்குப் போய் வருகிறார்கள். கீழே இருப்பது திருப்பதி. 1886-ல் நகராட்சியாகி, 2007-ல் மாநகராட்சியான ஊர். மேலே இருப்பது திருமலை. அங்கே வார்டும் கிடையாது, கவுன்சிலரும் கிடையாது. குழாயில் தண்ணீர் விடுவது, தெரு பெருக்குவது, விளக்குப் போடுவது, கடைக்கு இடம் ஒதுக்குவது எல்லாம் தேவஸ்தானத்தின் பொறுப்பு. அந்த ஊருக்கு நகராட்சிக் கமிஷனர் யார் என்று கேட்டால், தேவஸ்தானத்தின் நிர்வாக அதிகாரி, அதாவது எல்லோரும் "ஈ.ஓ." என்று சொல்லும் உத்தியோகஸ்தர்தான்.

சித்தூர் மாவட்டத்தில் பல வருஷங்கள் அரசு உத்தியோகம் பார்த்தவன் நான். ஸ்தல புராணம் எழுதப் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஃபைல் புராணம், அதைத்தான் எழுதுகிறேன்.

அதன் முதல் அத்தியாயம் நடந்தது திருப்பதியில் அல்ல, சித்தூரில். 1801-ல் ஆற்காட்டு நவாபின் ராஜ்யம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, திருமலைக் கோயிலும் அதன் வருமானமும் கூடவே வந்தன. அப்போது வட ஆற்காடு ஜில்லாவின் தலைமையிடம் சித்தூர். 1911-ல் சித்தூர் தனி ஜில்லா ஆன பிறகே வட ஆற்காட்டுக் கலெக்டர் வேலூருக்குப் போனார். ஆக, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வேங்கடவன் கோயில் நிர்வாகம் சித்தூர்க் கச்சேரியிலிருந்தே நடந்தது. 1803-ல் கலெக்டர் ஸ்ட்ராட்டன் கோயிலின் வரவு செலவு, பூஜை முறை, ஊழியர்கள் பற்றி ஓர் அறிக்கை அனுப்பினார். 1821-ல் புரூஸ் என்ற அதிகாரியின் பெயரால் வழங்கும் விதித் தொகுப்பு வந்தது. அதில் 42 விதிகள். பழைய வழக்கம் என்ன, யாருக்கு என்ன வேலை, யாருக்கு என்ன உரிமை என்று எழுதி வைத்தார்கள். கம்பெனிக்குப் பக்தி ஒன்றும் இல்லை. வருமானம் ஒழுகக்கூடாது என்ற கவலைதான். ஆனாலும் வாய்மொழியாக இருந்த வழக்கத்தைக் காகிதத்தில் ஏற்றினால் அடுத்து வரும் அதிகாரி இஷ்டப்படி மாற்ற முடியாது என்பதை அந்த வெள்ளைக்காரர்கள் அறிந்திருந்தார்கள். உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கிறிஸ்தவக் கம்பெனி ஹிந்துக் கோயிலை நிர்வகிப்பதா என்று இங்கிலாந்தில் ஆட்சேபம் கிளம்பவே, 1843-ல் கம்பெனி கை கழுவிற்று. பொறுப்பு ஹாதிராம்ஜி மடத்து மஹந்துகளிடம் போய், 1933 வரை அவர்களிடமே இருந்தது. பிறகு சென்னை சட்டசபை இயற்றிய சட்டத்தின்படி ஒரு கமிட்டியும், அரசு நியமித்த கமிஷனரும் வந்தார்கள். சம்பளம் வாங்கும் அதிகாரி ஒருவர் மலையை ஆள்வது அன்று தொடங்கியது.

இந்தக் கமிஷனர்கள் காலத்தில் நடந்த பெரிய காரியம் மலைப்பாதை. அதுவரை அலிபிரியிலிருந்து படியேற வேண்டும், முடியாதவர்களுக்கு டோலி. 1944 ஏப்ரலில் சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் முதல் சாலையைத் திறந்து வைத்தார். சுமார் 19 கிலோமீட்டர். இரண்டாவது பாதை 1974-ல் வந்தது. சாலை வந்த அன்றே கோயில் நிர்வாகம் நகர நிர்வாகமாக மாறிவிட்டது என்பது என் கருத்து. நடந்து வருகிற கூட்டத்திற்குக் கால்களே ஓர் அளவு வைத்திருந்தன. பஸ்ஸில் வருகிற கூட்டத்திற்கு அளவு ஏது?

1951-ன் சட்டம் "கமிஷனர்" என்ற பெயரை மாற்றி "நிர்வாக அதிகாரி" ஆக்கியது. முதலில் அப்பதவி வகித்த சி. அன்னாராவ், கோயில் நிர்வாகம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதியவர். 1954-ல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் ஏற்பட்டதும் அந்தக் காலத்தில்தான்.

நான் விஸ்தாரமாகச் சொல்ல விரும்புவது காலஞ்சென்ற பி.வி.ஆர்.கே. பிரசாத் அவர்களைப் பற்றி. 1966-ம் ஆண்டுத் தொகுதி ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1978 முதல் 1982 வரை ஈ.ஓ. பிற்காலத்தில் பிரதமர் நரசிம்ம ராவின் ஆலோசகராக இருந்தவர். 2017-ல் காலமானார். சங்கீத ரஸிகர்களுக்கு அவரை வேறு விதத்தில் தெரியும்: எம்.எஸ். அம்மாவின் குரலில் பாலாஜி பஞ்சரத்ன மாலை இசைத்தட்டுகள் வந்ததும், அன்னமாசார்யா திட்டம் தொடங்கியதும் அவர் காலத்தில்தான்.

எனக்கு அவர் தண்ணீர்க் கணக்குப் பார்த்த அதிகாரி. மழை பொய்த்து கோகர்ப்பம் அணை வற்றியபோது, யாத்ரிகர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்கிற அளவுக்கு யோசனை போயிற்று. வேத பண்டிதர்களை அழைத்து வருண ஜபம் நடத்தியதையும் மழை பெய்ததையும் அவரே எழுதியிருக்கிறார். பி.எஸ்ஸி. படித்த எனக்கு இதில் வாதம் செய்ய ஆசையில்லை. நான் கவனிப்பது வேறு. மலையுச்சியில் உள்ள ஊருக்கு ஆறு கிடையாது. பெய்த மழையைத் தேக்கினால்தான் உண்டு. ஆகாசகங்கை, பாபவிநாசனம், குமாரதாரா, பசுபுதாரா என்று ஒன்றன்பின் ஒன்றாக அணைகள் கட்டியதற்கும், கீழே உள்ள கல்யாணி அணையிலிருந்து நீர் ஏற்றியதற்கும் அதுவே காரணம்.

கொடிமரக் கதையும் அவருடையதுதான். பழைய த்வஜஸ்தம்பம் அடியில் உளுத்துப் போயிருந்தது. விரிசலும் வளைவும் இல்லாத மிக நீண்ட தேக்குமரம் வேண்டும். கர்நாடகக் காடுகளில் தேடிப் பிடித்தார்கள். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் அத்தனை நீள மரத்தை லாரியில் எப்படித் திருப்புவது? பஸ்ஸே திணறுகிற வளைவுகள். திருப்பினார்கள். 1982-ல் புதிய கொடிமரம் நின்றது. தம் அனுபவங்களைத் தெலுங்கில் அவர் எழுதிய தொடரின் பெயர் "நாஹம் கர்த்தா ஹரிஹ் கர்த்தா". செய்பவன் நானல்ல, ஹரியே என்று பொருள். ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் சுயசரிதைகளுக்கு இப்படித் தலைப்பு அமைவது அபூர்வம்!

கூட்டத்தையும் ஒரு கணக்காகப் பாருங்கள். இன்று நாளொன்றுக்கு எழுபதாயிரம் பேர் வரை தரிசனம் செய்வது சாதாரணம். சந்நிதி இருபது மணி நேரம் திறந்திருப்பதாக வைத்தால் மணிக்கு 3,500 பேர், அதாவது விநாடிக்கு ஒருவர். கர்ப்பக்ருஹத்தை அகலப்படுத்த முடியாது. ஆகவே நிர்வாகி செய்யக்கூடியது, காத்திருக்கும் இடத்தைப் பெரிதாக்கி, அங்கே பாலும் சாப்பாடும் கழிப்பறையும் கொடுப்பது. கியூ காம்ப்ளெக்ஸ்கள் பிறந்தது இந்தக் கணக்கில்தான். 1985-ல் தொடங்கிய நித்ய அன்னதானமும் இதன் ஓர் அங்கம்.

இதற்கு ஒரு விலை உண்டு. கோயிலைச் சுற்றி மாட வீதிகளிலும் சந்நிதித் தெருவிலும் தலைமுறைகளாக வீடும் கடையும் வைத்திருந்தவர்கள் பல கட்டங்களில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். சிலருக்கு மலையிலேயே பாலாஜி நகரில் இடம், சிலருக்குக் கீழே. வீதிகள் அகலமாகாவிட்டால் பிரம்மோத்ஸவக் கூட்டம் என்னவாகும் என்பது எனக்குத் தெரியும். இடித்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் குடும்பங்கள் போய் முறையிட ஒரு வார்டு கவுன்சிலர்கூட இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மாலையில் உத்தரவு போட்டால் காலையில் வேலை தொடங்கும் வசதி, மலைமேல் உள்ள அதிகாரிக்கு இந்த இல்லாமையிலிருந்துதான் வந்தது. கீழே உள்ள கமிஷனருக்கோ கவுன்சில் தீர்மானம் வேண்டும், பணம் வேண்டும். ஒரு சாக்கடைத் திட்டம் முடிவதற்குள் மாற்றல் உத்தரவு வந்துவிடும். பிரசாத் அவர்களுக்கு நான்கு ஆண்டுகள் கிடைத்தன. தாம் தொடங்கியதன் பலாபலனைத் தாமே இருந்து பார்க்கும் பாக்கியம் எத்தனை அதிகாரிகளுக்கு உண்டு?

இப்போது இரண்டு ஊர்களும் ஒன்றையொன்று சார்ந்துவிட்டன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகி, சித்தூர்க் கலெக்டருக்கும் மலைக்கும் இருந்த பழைய சம்பந்தம் விட்டுப் போயிற்று. 2023-ல் திறந்த ஸ்ரீநிவாச சேது மேம்பாலம், தேவஸ்தானப் பணமும் ஸ்மார்ட் சிட்டிப் பணமும் சேர்ந்து கீழே ஊருக்குள் கட்டியது. காத்திருக்கும் கூட்டமும் மலையிலிருந்து கீழே இறங்கிவிட்டது. 2025 ஜனவரி 8 இரவு, வைகுண்ட துவார தரிசன டோக்கனுக்காகத் திருப்பதி நகரில் காத்திருந்தவர்களிடையே நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் இறந்தார்கள். டோக்கன் தேவஸ்தானத்துடையது, தெரு மாநகராட்சியுடையது, பந்தோபஸ்து போலீஸுடையது. மலைமேல் மணிக்கு இத்தனை பேர் என்று கணக்குப் போட ஒரே ஒரு மேஜைதான் உண்டு. கீழே அந்தக் கணக்கு மூன்று மேஜைகளில் கிடக்கிறது.