இந்தோ–பசிபிக் கண்ணாடி மணிகள்

கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, நறுக்கிச் செய்யும் சிறு பாசிமணிகள் இவை. பெரும்பாலும் 6 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. ஒரு மணிக்கு ஒரே நிறம். இந்தப் பெயரை வைத்தவர் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ்.

திருத்தணியில் ரயிலேறிப் புத்தூர் வழியாக ரேணிகுண்டா போய், அங்கிருந்து காளஹஸ்திச் சாலையில் சென்றால் வருவது, இத்தகைய மணிகள் செய்த ஊரான பாப்பாநாயுடுபேட்டை. 1960இல் திருத்தணி தமிழகத்தோடு சேரும்வரை திருத்தணியும் பாப்பாநாயுடுபேட்டையும் ஒரே சித்தூர் மாவட்டத்து ஊர்கள். பழைய இழுவை முறை 20ஆம் நூற்றாண்டிலும் உயிரோடிருந்தது இங்கேதான். உருகிய கண்ணாடியை 'லாடா' என்னும் இரும்புக் குழாயின் முனையில் கூம்பாகத் திரட்டி, நடுவே துளையிட்டு, உலையில் வைப்பார்கள். உலையின் எதிர்ப்புற வாயருகே உட்கார்ந்திருப்பவர் கொக்கியால் நுனியைப் பற்றி இழுக்கத் தொடங்கினால், உள்ளே துளையோடு கண்ணாடிக் குழல் நூல்போல நீண்டுகொண்டே வரும். அதைத் துண்டு துண்டாக நறுக்கிச் சாம்பலோடு சட்டியிலிட்டு வறுக்கும்போது கூர்விளிம்புகள் மழுங்கி உருண்டையாகும். துளை அடைபடாமல் காப்பது உள்ளே புகுந்த சாம்பல்தான்.

இதே முறையின் பழம்பெரும் களம் புதுச்சேரி அருகிலுள்ள அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோது ரோமானியத் தொடர்பே பேச்சாக இருந்தது. மணித் தொழிலுக்குரிய கவனம் பின்னாளில்தான் கிடைத்தது.

இந்திய மணிகள் கடல்கடந்து ஆப்பிரிக்காவுக்கும் போயின. ஆனால் ஆப்பிரிக்க மாலை என்றால் பழம்பொருள் வணிகர்கள் வெனிசைத்தான் சொல்வார்கள். வெனிசின் முரானோத் தீவில் செய்த நட்சத்திரக் கோல மணிகளும், 19ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்கா சென்ற 'மில்லெபியோரி' என்னும் பூக்கோல மணிகளும் அழகானவை, ஐயமில்லை. ஆனால் வாஸ்கோட காமா 1497இல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றுவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே, தென்னாப்பிரிக்காவின் மாபுங்குப்வேயில் இந்திய மணிகள் மாலையாகிவிட்டன. எல்லாவற்றையும் தமிழ்க் கரைக்கே உரிமை கொண்டாடுவது சரியல்ல. அங்குள்ள மணிகள் சிலவற்றின் கண்ணாடி மேற்கு இந்திய வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்று வேதியியல் ஆய்வு காட்டுகிறது.

வந்ததை அப்படியே கோத்துக்கொண்டவர்கள் அல்லர் அந்த வட்டாரத்து ஆப்பிரிக்க மக்கள். மாபுங்குப்வேக்கு அருகிலுள்ள 'கே2' குடியிருப்பில், சிறு மணிகளைக் களிமண் அச்சில் உருக்கித் தடித்த பெருமணிகளாக வார்த்தார்கள். அச்சை உடைத்தால்தான் மணி வெளியே வரும். உடைந்த அச்சுகள் அகழ்வில் கிடைத்துள்ளன.

பின்னாளில் போர்த்துகீசியர் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையின் சொபாலாவில் இறங்கியபோது ஐரோப்பிய மணிகள் விலைபோகவில்லை. தந்தமும் பொன்னும் பெற, குஜராத்தின் கம்பாயத்திலிருந்து இந்திய மணிகளை வரவழைத்தார்கள். 1569இல் புறப்பட்ட போர்த்துகீசியத் தளபதி பாரெட்டோவின் படையோடு சென்ற மொன்கிளாரோ பாதிரியார், மொசாம்பிக்குக்கு வந்த சிறுமணிகள் செய்யப்பட்ட ஊராக எழுதிவைத்திருப்பது நாகப்பட்டினம்.