உல்லம் ஏறாத காவிரி

வானம் தெளிந்த நாளில் ஏற்காட்டின் லேடீஸ் சீட் முனையில் நின்று மேற்கே நோக்கினால், மேட்டூர் நீர்த்தேக்கம் வெள்ளித் தகடெனத் தெரியும். அந்நீரைப் பாடிய கவிஞர் பலர். அதனால் வழியிழந்த மீனை நினைத்தோர் சிலரே.

கடலில் வளர்ந்து, புதுவெள்ளம் கண்டதும் ஆற்றில் எதிரேறி நன்னீரில் முட்டையிடுவது உல்லம். வங்காளியர் இதனை இலிஷ் என்பர். கோதாவரிக் கரையினர் புலசா என்பர். கொள்ளிடத்தின் வழியே காவிரிக்கு வந்த இம்மீனை 1836இல் எழுந்த கீழணை மறித்தது. வியப்பு யாதெனில், அவ்வணையைக் கட்டிய ஆர்தர் காட்டனே 1867இல், ஆற்றணைகளால் மீன்வளம் கெடக்கூடும் என அரசுக்கு உணர்த்தினார். ஆராயப் புகுந்த பிரான்சிஸ் டேயின் அறிக்கை 1873இல் வெளிவந்தது.

ஆயினும் 1934இல் மேட்டூரில் 214 அடிச் சுவர் எழுந்தது. வழி அடைபட்டதோடு, மீனை அழைக்கும் வெள்ளமும் அடங்கிற்று. மேட்டூர் இந்தியாவுக்குத் தரும் பாடங்களைச் சுந்தரராஜ் 1941இல் கட்டுரையாக எழுதினார். நீர்த்தேக்கத்தில் விடப்பட்ட கட்லாவின் வருவாய் கணக்கேட்டில் ஏறியது. குஞ்சு விலையும் தீவனச் செலவும் இன்றிக் கடலே வளர்த்தனுப்பிய செல்வத்தையோ கீழாற்று வலைஞர் இழந்தனர்.

அமெரிக்காவின் எல்வா ஆற்றில் 2011 முதல் 2014 வரை இரண்டு அணைகளை அகற்றினர்; சால்மன் மீண்டது. மேட்டூரை அகற்றுவது டெல்டாவின் வயிற்றில் அடிப்பதாகும். சால்மன் போலத் துள்ளியேறும் இயல்பும் உல்லத்துக்கு இல்லை. மேல்நாட்டு மீன் ஏணியை அப்படியே பெயர்த்து வைத்துப் பயனில்லை. தாழ்ந்த கீழணையில் சரிவான நீர்வழி ஒன்றும், ஆடி ஆவணி வெள்ளத்தில் சில நாள் மதகு திறப்புமே கேட்கத்தக்கவை.