எழுத்து, ஏடு, முட்டை

1

ஒரு கவிஞனிடம் விளக்கத்துக்கு அகப்படாத ஏதோ ஒன்று தென்பட்டால், 'அது அவன் ஜீனிலேயே எழுதியிருக்கிறது' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவது நம் விமர்சனத்தில் பழக்கமாகிவிட்டது. 'எழுதியிருக்கிறது' என்ற சொல்லை விஞ்ஞானிகள் நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். செல் எப்படிப் புரோட்டீனை உண்டாக்குகிறது என்று சொல்ல அவர்கள் கையாளும் எழுத்து, பிரதியெடுத்தல், வாசிப்பு, மொழிபெயர்ப்பு, பிழை திருத்தம் எல்லாம் நம் பட்டறைச் சொற்கள். நாம் கொடுத்த கடனையே இப்போது விஞ்ஞானத்தின் முத்திரையோடு திரும்ப வாங்கிக்கொள்கிறோம். திரும்பி வரும் நோட்டுகளை எண்ணாமல் பெட்டியில் போடுவது வங்கிக் குமாஸ்தாவான எனக்கு ஒப்பவில்லை. நான் படித்தது ஆங்கில இலக்கியம்தான். ஆனால் இது சொற்களைப் பற்றிய வழக்கு. சொற்களின் சரித்திரத்தைப் பார்க்க எனக்கும் உரிமை உண்டு.

விஷயத்தை நம் ஊரிலேயே தொடங்கலாம். சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில் புதுச்சத்திரம் பக்கம் நீளநீளமான கோழிப் பண்ணைகள். கோழிக்குப் போடுவது மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். வெளியே வருவது முட்டை. சோயாவின் புரோட்டீன் அப்படியே முட்டைக்குள் போய்விடுவதில்லை. கோழியின் குடலில் அது அமினோ அமிலங்களாக உதிர்ந்துபோகிறது. உதிர்ந்த மணிகளைக் கோழியின் செல்கள் தமக்கே உரிய வரிசையில் மறுபடி கோக்கின்றன. முட்டை வெள்ளையின் புரோட்டீனில் பாதிக்கு மேல் ஓவால்புமின் என்ற ஒன்று. அதில் 385 அமினோ அமிலங்கள். வகை இருபதுதான்; ஆனால் வரிசை முட்டைக்கு முட்டை மாறுவதில்லை.

அந்த வரிசை டி.என்.ஏ.யில் நான்கே எழுத்துகளில் இருக்கிறது. வேண்டிய பகுதி மட்டும் ஆர்.என்.ஏ. என்ற நறுக்கில் படியெடுக்கப்பட்டு, செல்லின் உட்கருவிலிருந்து வெளியே வருகிறது. ரிபோசோம் என்ற நுண்ணிய உறுப்பு நறுக்கின் மேல் நகர்ந்து, மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்று கோத்துக்கொண்டே போகிறது. நான்கு எழுத்துகளை மும்மூன்றாகச் சேர்த்தால் 64 சொற்கள் கிடைக்கும். 61 சொற்களுக்கு அமினோ அமிலம் பொருள். மிச்சம் மூன்றும் முற்றுப்புள்ளிகள். இவ்வளவும் இன்று பள்ளிக்கூடப் பாடம். இது தெரியவந்த விதம்தான் நமக்கு வேண்டியது.

2

1953ல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.யின் வடிவத்தைச் சொன்னார்கள். அடுத்த வருஷமே ஜார்ஜ் காமோ என்ற பௌதிக மேதை இதை ஒரு ரகசிய லிபியாகப் பார்த்தார். நான்கு எழுத்துகளிலிருந்து இருபது பொருள்கள் வர வேண்டும். விதியைக் கண்டுபிடித்தால் போதும், சோதனைச்சாலை தேவையில்லை. இருபது அமினோ அமிலங்களுக்கு இருபது உறுப்பினர் என்று கழுத்துப்பட்டையோடு ஒரு கழகமே நடந்தது. ஒரு சிறுபத்திரிகை வட்டம் மாதிரிதான்: ஆள் குறைவு, புத்தி கூர்மை, கடிதங்கள் ஏராளம்.

அங்கிருந்து வந்த கோட்பாடுகளில் மிக அழகானது 1957ல் கிரிக், கிரிஃபித், ஆர்கெல் மூவரும் சொன்னது. பிரச்சனை நமக்குப் பழக்கமானது. நம் ஓலைச் சுவடிகளில் மெய்க்குப் புள்ளி கிடையாது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. உ.வே. சாமிநாதையர் 1887ல் சிந்தாமணியையும் 1894ல் புறநானூற்றையும் அச்சிட்டபோது, எங்கே பிரிப்பது என்பதே பெரும் உழைப்பாக இருந்தது. டி.என்.ஏ.யிலும் இடைவெளி இல்லை. தவறாகப் பிரித்தால் பொருளே வராதபடி இயற்கை தன் சொற்களைத் தேர்ந்தெடுத்திருந்தால்? அப்படியானால் ஒரே எழுத்து மும்முறை வரும் நான்கு சொற்கள் கூடாது. அவற்றை அடுக்கினால் எங்கு வேண்டுமானாலும் வெட்டலாம். மிச்சம் அறுபது. அவை ஒன்றையொன்று சுழற்றினால் கிடைக்கும் மூன்று மூன்று சொற்களாகச் சேரும். ஒவ்வொரு மூன்றிலும் ஒன்றுக்குத்தான் இடம். ஆக இருபது. கணக்கு அச்சாகப் பொருந்திவிட்டது. இவ்வளவு பொருத்தமான ஒன்று பொய்யாக இருக்குமா?

பொய்தான். அமெரிக்காவில் பெத்தெஸ்டாவில், அந்தக் கழகத்தில் இடமில்லாத மார்ஷல் நிரன்பர்க்கும் ஹைன்ரிக் மத்தேயும் பாக்டீரியாவை அரைத்துச் சாறெடுத்தார்கள். அதில் 'யூ' என்ற ஒரே எழுத்தாலான செயற்கை ஆர்.என்.ஏ.யைப் போட்டார்கள். 1961 மே 27ந் தேதி விடை வந்தது. சாறு, ஃபினைல்அலனின் என்ற ஒரே அமினோ அமிலத்தாலான சங்கிலியைச் செய்திருந்தது. அழகான கோட்பாட்டில் பொருளே இருக்கக்கூடாத 'யூயூயூ' தான் முதலில் பொருள் சொல்லியது. அந்த ஆகஸ்டில் மாஸ்கோ மாநாட்டில் நிரன்பர்க் இதைப் படித்தபோது அறையில் விரல்விட்டு எண்ணும்படியான ஆட்கள். கேள்விப்பட்ட கிரிக், பெரிய சபையில் அதை மறுபடி படிக்க ஏற்பாடு செய்தார். தன் கோட்பாட்டைக் கொன்ற கட்டுரைக்கு மேடை போட்டுக் கொடுத்த அந்தக் காரியம் நம் வட்டங்களில் அரிது.

அதே வருஷம் கிரிக்கும் பிரென்னரும் சகாக்களும் வைரஸ் ஒன்றின் எழுத்துகளில் ஒன்றைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். ஓர் எழுத்தைச் செருகினால் அதற்குப் பின்னாலிருப்பதெல்லாம் உளறலாகிறது. மூன்றைச் செருகினால் பொருள் பெரும்பாலும் மீண்டுவிடுகிறது. எனவே சொல்லுக்கு எழுத்து மூன்று. பிரிப்பதற்கான அடையாளம் சொற்களுக்குள் எங்கும் இல்லை. வாசிப்பு எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அகராதியின் மிச்சப் பக்கங்களை நிரப்பியதில் பெரும் பங்கு ஹர் கோவிந்த் கொரானாவுடையது. 1922ல் பஞ்சாபின் ராய்ப்பூர் கிராமத்தில் பிறந்தவர். ஊர் இன்று பாகிஸ்தானில். வெளிநாட்டுப் படிப்பை முடித்து 1949ல் இந்தியா திரும்பியவருக்கு இங்கே வேலை கிடைக்கவில்லை. பிறகு அமெரிக்காவில் மேடிசனில், எழுத்துகளைத் தாமே கோத்து, 'யூசியூசி' என்று மாறிமாறி வரும் ஆர்.என்.ஏ.யைச் செய்தார். அதைப் படித்த சாறு, செரின், லூசின், செரின், லூசின் என்று மாறிமாறிக் கோத்தது. 1966க்குள் 64 சொற்களும் தெரிந்துவிட்டன. 1968ல் நிரன்பர்க், ஹாலி இருவரோடு கொரானாவுக்கும் நோபல் பரிசு.

பிரதியை உற்றுப்பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்குப் பொருள் அகப்படவில்லை. படிக்கும் கருவியைச் சட்டியில் போட்டு, வேலை செய்யவைத்தவர்களுக்கு அகப்பட்டது. இந்தச் சரித்திரத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

3

அப்படியானால் படிப்பது யார்? இங்கே கிரிக்குக்கு நியாயம் செய்ய வேண்டும். எழுத்துக்கும் அமினோ அமிலத்துக்கும் நேர் உறவு எதுவும் இல்லை, நடுவில் ஒரு தரகுப் பொருள் இருக்க வேண்டும் என்று 1955லேயே சொன்னவர் அவர்தான். அது உண்மையாயிற்று. சின்ன ஆர்.என்.ஏ. ஒன்று, ஒரு முனையில் மூன்று எழுத்து, மறுமுனையில் அமினோ அமிலம்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் வங்கிகளில் பித்தளை டோக்கன் இருந்ததை மூத்தவர்கள் சொல்வார்கள். செக்கைக் கொடுத்தால் கவுண்டரில் டோக்கன் தருவார்கள். செக் உள்ளே போய்ப் பாஸாகி வந்ததும் கேஷியர் எண்ணைக் கூப்பிடுவார். டோக்கனைப் பார்ப்பார், பணத்தைத் தருவார். நீட்டும் கை யாருடையது என்பது அவர் கவலையில்லை. ரிபோசோம் அந்தக் கேஷியர். 1962ல் ஷாப்வில்லும் சகாக்களும் ஒரு தந்திரம் செய்தார்கள். சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் தன் டோக்கனோடு சேர்ந்த பிறகு, அதிலிருந்த கந்தகத்தை எடுத்துவிட்டு அதை அலனினாக மாற்றினார்கள். டோக்கன் பழையது, ஆள் புதியவன். ரிபோசோம் கொஞ்சமும் தயங்காமல் சிஸ்டீன் இருக்க வேண்டிய இடத்தில் அலனினைக் கோத்தது.

இரண்டு பாஷையும் தெரிந்தது ரிபோசோமுக்கு அல்ல. சரியான ஆளுக்குச் சரியான டோக்கன் கொடுக்கும் என்ஸைம்களுக்குத்தான். பெரும்பாலான உயிர்களில் அமினோ அமிலத்துக்கு ஒன்றாக அவை இருபது வகை. மொழிபெயர்ப்பு என்று நாம் சொல்லக்கூடியது, பேர் தெரியாத இந்தக் கவுண்டர்களில் நடந்து முடிந்துவிடுகிறது.

கேஷியர் ஒன்றுமே பார்ப்பதில்லை என்றும் சொல்ல முடியாது. சிதம்பரத்தில் 1952ல் பிறந்து, மூன்று வயதில் பரோடா போய், பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியபின் உயிரியலை மாணவனாகத் தொடங்கிப் படித்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், ரிபோசோமின் சிறிய பாதியின் அணு வடிவத்தைக் கேம்பிரிட்ஜில் 2000ல் வெளியிட்டார். டோக்கனின் எழுத்தும் நறுக்கின் எழுத்தும் சேரும்போது முதல் இரண்டு ஜோடிகளின் வடிவத்தை ரிபோசோம் தடவிப் பார்க்கிறது; மூன்றாவதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. பொருளைப் பார்ப்பதில்லை, பொருத்தத்தைப் பார்க்கிறது. பெரிய பாதியை ஸ்டைட்ஸ் குழு வெளியிட்டபோது, மணிகளை இணைக்கும் இடத்தில் புரோட்டீனே இல்லை, வெறும் ஆர்.என்.ஏ.தான் என்று தெரிந்தது. எழுத்தைப் படிக்கும் கருவியும் எழுத்தாலேயே ஆகியிருக்கிறது. இருபது வருஷம் முன்னதாகவே ரிபோசோமைப் படிகமாக்கப் பிடிவாதமாக உழைத்த அடா யோனத்தும் சேர்ந்து மூவருக்கும் 2009ல் நோபல்.

4

இனி ஏடு. 1977ல் ஸ்ட்ராஸ்பூரில் பியர் ஷாம்போனின் குழு கோழியின் ஓவால்புமின் ஜீனைப் பார்த்தபோது அது தொடர்ச்சியாக இல்லை. நடுவே ஏழு இடங்களில் புரோட்டீனுக்குச் சம்பந்தமில்லாத நீண்ட பகுதிகள். நம் பாஷையில் இடைச்செருகல்கள். அதே வருஷம் வேறு இருவர் வைரஸில் இதையே கண்டிருந்தார்கள். நறுக்கு வெளியே வருமுன் செருகல்கள் வெட்டப்பட்டு மிச்சம் ஒட்டப்படுகிறது. ஒரே ஏட்டை வேறு வேறு விதமாக வெட்டி ஒட்டி வேறு வேறு புரோட்டீன்களைப் பெறும் ஜீன்களும் உண்டு. பதிப்பாசிரியர் இல்லாமல் பிரதி இல்லை.

இந்த ஏடு சேவலிடமும் இருக்கிறது. கோழியின் காலிலும் கண்ணிலும் உள்ள செல்களில்கூட இருக்கிறது. படிக்கப்படுவது முட்டைக்குழாயில் மட்டும், அதுவும் ஹார்மோன் சொல்லும்போது.

சங்கிலி கோக்கப்பட்டதோடு காரியம் முடியவில்லை. அது மடிந்து உருவம் பெற வேண்டும். 1952ல் முப்பது வயதில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்த ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோடு, தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் மூன்று இழை முறுக்கு என்று 1954லும் 1955லும் எழுதினார். அணுக்கள் இவ்வளவு நெருங்க முடியாது என்று கிரிக்கும் ரிச்சும் கண்டித்தார்கள். ராமச்சந்திரன் பதிலுக்குச் சண்டை போடவில்லை. எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராய உட்கார்ந்தார். 1963ல் சி. ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் வெளியிட்ட வரைபடம் அதிலிருந்து வந்தது. சங்கிலியின் கணுக்கள் எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் அந்தப் படத்தில் பெரும் பகுதி தடைசெய்யப்பட்ட இடம். இன்றும் எந்தப் புரோட்டீனின் வடிவத்தை யார் சொன்னாலும் அந்தப் படத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். ஒரு கண்டனத்துக்கு இதைவிட நல்ல பதில் எழுதப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. யாப்பு தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் புரியும்: உருவத்தைத் தருவதில் தடைகளுக்கும் பங்கு உண்டு, அந்தத் தடைகள் எழுத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை.

5

கடைசியாக 'எழுத்துப் பிழை'. 1952ல் லேமனும் கட்புஷ்ஷும் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில் அரிவாள் வடிவச் செல்கள் இருப்பதைக் கண்டார்கள். அந்த நோயின் ஹீமோகுளோபினில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது என்று 1956-57ல் வெர்னன் இங்ரம் காட்டினார். குளூட்டமிக் அமிலம் இருக்க வேண்டிய ஆறாவது இடத்தில் வேலின். ஜீனில் ஓர் எழுத்து வித்தியாசம். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அது வந்தால் உயிரை வதைக்கும் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து காப்பு. மலேரியா அடித்த காடுகளில் அந்த எழுத்து பிழையாக இல்லை. அது ஒரு பாடபேதம். எந்தப் பாடம் சரி என்பதை ஏடு சொல்லவில்லை. காட்டின் கொசு சொல்லியது.

பொருள் முழுவதும் பிரதிக்குள்ளேயே இருக்கிறது என்கிறவர்களுக்கு இந்தச் சரித்திரம் சாட்சி சொல்லாது. வாசகனே எல்லாவற்றையும் சிருஷ்டிக்கிறான் என்கிறவர்களுக்கும் சொல்லாது. ரிபோசோமுக்குத் தன் இஷ்டம் என்று ஒன்று கிடையாது. எழுத்து, டோக்கன், கத்தரி, தடை, தீனி, பருவம் எல்லாம் ஒரே இடத்தில் கூடி நடக்கும் உழைப்பு அது. ஒரு கவிஞனுக்கு 'ஜீனிலேயே எழுதியிருக்கிறது' என்று இனி எழுதுகிறவர்கள், அதைப் படித்தது எது, எப்போது, எந்தத் தீனியைத் தின்று என்பதையும் சேர்த்து எழுதட்டும். எழுத முடியாவிட்டால் அந்த வாக்கியத்தை அடித்துவிடலாம்.