கேள்வி கேட்டவர்களின் கதை



இருட்டோடு எழுந்து, பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் எடுத்து, வெயில் ஏறும் நேரத்தில் வாளியோடு கொட்டகைக்கு வந்து நின்றவர்கள் நம் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும். கிராணியார் பாலை நிறுத்ததும் அவர்கள் வாயில் முதலில் வந்த சொல் எது? "எவ்வளவுங்க ஐயா நிக்குது?" என்பதுதான். அதை யாரும் அவமரியாதை என்று சொன்னதில்லை. கேட்காமல் போனால் யாருக்கு நட்டம்? நமக்குத்தானே!

அதே கேள்வியை நாட்டின் பேரால் அரசாங்கத்தைப் பார்த்துக் கேட்பதற்கென்று ஓர் இடம் உண்டு. நாடாளுமன்றமும் சட்டமன்றமுமே அந்த இடம். "மக்கள் தந்த பணம் எவ்வளவு? எதற்குச் செலவானது? ரோடு ஏன் வரவில்லை? பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கிய தொகை எங்கே நிற்கிறது?" என்று நம் பிரதிநிதி அங்கே கேட்கிறார். அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்லியாக வேண்டும். இந்த உரிமை வானத்திலிருந்து விழுந்ததன்று. அது வந்த வழியைச் சிறிது பார்ப்போம்.

கணக்குக் கேட்பது தமிழனுக்குப் புதிய பழக்கமா? இல்லவே இல்லை. காஞ்சிபுரத்துக்கு அருகே உத்திரமேரூர் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுப்பது எப்படி என்று அவை கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து, கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்கக் கூடாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாதாம்! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எவ்வளவு கண்டிப்பு, பாருங்கள். ஆனாலும் அந்தச் சபையில் நிலமும் கல்வியும் உள்ளவர்களுக்குத்தான் இடம். உழைப்பாளிக்கு அங்கே வாய் இல்லை. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இனி நம் பேராக்குக்கு வருவோம். 1874 ஜனவரி 20-ஆம் நாள் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது. மாநிலத்தின் வருவாயை வசூலிப்பதும் கட்டுப்படுத்துவதும் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். பணப்பெட்டிச் சாவி கைமாறிய நாள் அது. முதல் ரெசிடெண்ட் பர்ச், வரி வசூலிலும் மற்றக் காரியங்களிலும் காட்டிய அவசரம் பெரும் பகையை மூட்டியது. 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் அவர் கொல்லப்பட்டார்.

பிறகு வந்த ஹியூ லோ, கோலா கங்சாரில் தங்கி ஆட்சி நடத்தினார். அவர் பொறுப்பேற்றபோது மாநிலம் கடனில் கிடந்தது. 1877-இல் மாநில மன்றம் கூடத் தொடங்கியது. மலாய்ப் பிரமுகர்களும், சீனர் தரப்பில் இரண்டு கப்பித்தான்களும் அதில் உட்கார்ந்தார்கள். வரியும் செலவும் அங்கே பேசப்பட்டன. அதே 1877-இல்தான் ஒன்பது ரப்பர் கன்றுகள் கோலா கங்சாருக்கு வந்து நடப்பட்டன. அவற்றில் ஒன்று இன்றும் நகரில் நிற்கிறது. மாணவர்கள் போய்ப் பார்த்திருப்பார்கள்.

எண்ணிப் பாருங்கள். நம்மவரைக் கூட்டங்கூட்டமாக இங்கே இழுத்து வந்த மரமும், அரசாங்கச் செலவைப் பேசும் மன்றமும் ஒரே ஆண்டில் இந்த ஊரோடு தொடர்புபட்டன. மரம் நம் கைக்கு வந்துவிட்டது. மன்றம் வர எத்தனை காலம் ஆயிற்று?

1909-இல் கூட்டு மலாய் மாநிலங்களுக்குக் கூட்டரசு மன்றம் ஏற்பட்டது. வரவு செலவுத் திட்டம் அங்கேதான் வந்தது. அரசாங்க உத்தியோகம் இல்லாத உறுப்பினர்கள் தொடக்கத்தில் நால்வரே. தோட்டமும் சுரங்கமும் வியாபாரமும் உடையவர்களின் குரல் அங்கே கேட்டது. தோட்டத்தில் உழைத்தவனின் குரல் கேட்கவில்லை. 1928-இல்தான் வழக்கறிஞர் எஸ்.என். வீராசாமி முதல் இந்திய உறுப்பினராக நியமிக்கப்பட்டார். மன்றம் தொடங்கிப் பத்தொன்பது ஆண்டுகள்! அவரும் நியமன உறுப்பினரே, நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் அல்லர்.

அந்த நாட்களில் தோட்டத்தில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலி என்று நிர்ணயம் ஆகியிருந்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதையும் வெட்டினார்கள். 1936-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசாங்கம் வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரியாரை அனுப்பி நம் நிலையை ஆராய வைத்தது. பழைய கூலியைத் திரும்பத் தர வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். மறுபடி 1938-இல் கூலி குறைப்புப் பேச்சு எழுந்தபோது, உதவி பெற்று இங்கே வரும் கூலியாட்களின் பயணத்தை இந்திய அரசாங்கம் தடை செய்தது. இங்கே நமக்காகக் கேட்க ஆள் இல்லாததால், கடல் தாண்டி ஒருவர் வந்து கேட்க வேண்டியிருந்தது! சொந்த நாட்டில் சொந்தப் பிரதிநிதி வேண்டும் என்பதன் அருமை இதில் விளங்குகிறதல்லவா?

1955-இல் மலாயாவின் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. 52 இடங்களில் 51-ஐக் கூட்டணிக் கட்சி வென்றது. எஞ்சிய ஒரே ஓர் இடம் நம் பேராக்கின் கிரியான். எதிர்த்தரப்பில் வென்று வந்தவர் அந்த ஒருவர்தான். 1957-இல் ஈப்போ பகுதியில் நடந்த இடைத்தேர்தலில் மற்றொருவர் வென்று வந்தார். அவர்தான் வழக்கறிஞர் டி.ஆர். சீனிவாசகம். ஈப்போவில் டி.ஆர். பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோமே, அந்தப் பெயருக்கு உரியவர் இவரே.

இன்னொரு பேராக் தமிழரையும் இங்கே நினைக்க வேண்டும். சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்து, நம் கோலா கங்சார் கிளிபர்ட் பள்ளியில் படித்து, பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்ற துன் வீ.தி. சம்பந்தன். 1955 முதல் அமைச்சர். தொழிலாளர், சுகாதாரம், பொதுப்பணி, தபால் தந்தி என்று பல இலாகாக்களை வகித்தார். ரோடு, தபால், தொலைபேசி என்று வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பக்கத்தில் அவர் இருந்தார். கேள்வி கேட்கும் பக்கத்தில் சீனிவாசகம் இருந்தார். இருவரும் பேராக்காரர், இருவரும் தமிழர். ஒருவர் கேட்பதும் ஒருவர் பதில் சொல்வதும் சண்டை அன்று, நாட்டின் வேலை. மாணவர்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

சீனிவாசகத்தின் பெயரை நாடு முழுவதும் பேச வைத்த நிகழ்ச்சி 1964-ஆம் ஆண்டின் இறுதியில் நடந்தது. அப்போது மக்களவையில் அவர் கட்சிக்கு இருந்தது இரண்டே இடம். கல்வி அமைச்சராக இருந்த அப்துல் ரஹ்மான் தாலிப் மீது அவர் சபையில் ஊழல் குற்றச்சாட்டுகளை எழுப்பினார். சபைக்குள் உறுப்பினர் பேசியதற்காகப் பொதுவாக அவர்மீது நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது; நம் அரசியலமைப்பின் 63-ஆம் பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. "தைரியம் இருந்தா வெளியே வந்து சொல்லு பார்ப்போம்" என்ற சவால் பிறந்தது. சீனிவாசகம் வெளியே வந்து சொன்னார். அமைச்சர் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். 1965-இல் உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. அமைச்சர் பதவி விலகினார்.

அவர் வெறும் வாய்ச்சவடால் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வழக்கிலே தோற்று, சொத்தையும் பெயரையும் இழந்திருப்பார். ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசியதால் நின்றார். கேள்வி கேட்பவனுக்குத் துணிச்சல் பாதி, தயாரிப்பு மீதிப் பாதி.

கேள்வி கேட்பது எதிர்க்கட்சிக்காரர் வேலை மட்டும்தானா? அதுவும் இல்லை. இந்தியாவில் 1957 டிசம்பரில், ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஒரு தொழிலதிபரின் கம்பெனிகளில் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாயைப் போட்டது ஏன் என்று மக்களவையில் கிடுக்கிப்பிடி போட்டவர் பெரோஸ் காந்தி. அவர் ஆளுங்கட்சிக்காரர், பிரதமர் நேருவின் மருமகனும் ஆவார்! நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரணை நடத்தினார். நிதியமைச்சராக இருந்த நம் தமிழர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958-இல் பதவி விலகினார். மாமனார் ஆட்சி என்று மருமகன் வாயை மூடிக்கொள்ளவில்லை.

சரி, இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது? உறுப்பினர் தம் கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறார். வாய்மொழிப் பதிலும் கேட்கலாம், எழுத்துப் பதிலும் கேட்கலாம். அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொன்னபின் துணைக் கேள்வி உண்டு. உண்மையான பரீட்சை அதுதான். முதல் பதிலை அதிகாரிகள் எழுதிக் கொடுத்திருப்பார்கள். துணைக் கேள்விக்கு அமைச்சருக்கே விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பேசியதெல்லாம் ஹன்சார்ட் என்னும் பதிவேட்டில் அச்சாகிறது. இன்று சொல்லி நாளை மாற்ற முடியாது.

பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையில் 1721-இல் தொடங்கிய வழக்கம் இது. செலவான பணத்தைச் சோதிக்கும் பொதுக் கணக்குக் குழுவும் அங்கே 1861-இல் ஏற்பட்டதுதான். நம் நாட்டிலும் அத்தகைய குழு உண்டு. தலைமைக் கணக்காய்வாளர் கணக்குகளைச் சோதித்துத் தரும் அறிக்கை மக்களவையில் வைக்கப்பட வேண்டும். மாநிலக் கணக்கென்றால் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். இது அரசியலமைப்பின் 107-ஆம் பிரிவு. மக்களவை ஒப்புதல் இல்லாமல் ஆண்டுச் செலவுத் திட்டம் நிறைவேறாது.

"அதெல்லாம் பெரியவங்க சமாச்சாரம், வரி கட்டாத நமக்கென்ன?" என்று சிலர் சொல்லக் கேட்கிறேன். யார் சொன்னது வரி கட்டவில்லை என்று? கடையில் வாங்கும் எத்தனையோ சாமானின் விலைக்குள் வரி ஒளிந்திருக்கிறது. வாகனத்துக்கு ரோட்டு வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தில் நம் பங்கும் இருக்கிறது.

நம் தமிழ்ப்பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டில் முழு உதவி பெறும் பள்ளிகளும் உண்டு, பகுதி உதவி பெறும் பள்ளிகளும் உண்டு. தோட்ட நிலத்தில் நிற்கும் பள்ளிக்கு நிலம் சொந்தமில்லை. தோட்டம் கைமாறினால் பள்ளியின் கதி என்ன? கல்வி கூட்டரசின் பொறுப்பு. அதை மக்களவையில் கேட்க வேண்டும். நிலம் மாநிலத்தின் பொறுப்பு. அதை ஈப்போவில் கூடும் சட்டமன்றத்தில் கேட்க வேண்டும். ஆள் மாற்றிக் கேட்டால், "அது எங்க இலாகா இல்லை" என்ற பதில்தான் வரும். யாரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்திருப்பதே பாதி வெற்றி.

பெற்றோர் செய்ய வேண்டியது இதுதான். குறையை வாய்வார்த்தையாகப் புலம்பாமல், தேதியும் இடமும் தொகையும் போட்டு எழுதுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாகப் பிரதிநிதியிடம் கொடுங்கள். "ஐயா, இதைச் சபையில் கேளுங்கள், வந்த பதிலை எங்களுக்குக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். ஓட்டுக் கேட்டு வந்தபோது கும்பிட்டவரிடம் நாம் இதைக் கேட்பதில் கூச்சம் எதற்கு?

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு பெறும் உங்களைக் கண்டு மகிழ்கிறோம். பரிசு பெறாதவர்களும் மனம் தளர வேண்டாம். வகுப்பில் புரியாததைக் கை உயர்த்திக் கேட்கும் பிள்ளைதான் நாளைக்குச் சபையில் எழுந்து நின்று கேட்கும். பால் கொட்டகையில் "எவ்வளவுங்க ஐயா நிக்குது?" என்று கேட்ட பாட்டியின் பேத்தி, நாளை மக்களவையில் அமைச்சரைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கட்டும். அல்லது அமைச்சராக எழுந்து நின்று நேர்மையாகப் பதில் சொல்லட்டும். இரண்டும் நமக்குப் பெருமையே!