உஸ்தாதும் உஸ்தெதும்

ஸ்பானிய மொழியில் மதிப்புக்குரியவரை முன்னிலையில் 'உஸ்தெத்' என்று அழைப்பர். நம் மதரஸாக்களில் ஆசிரியரை 'உஸ்தாத்' என்கிறோம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் செவி, முன்னது பின்னதிலிருந்தே பிறந்தது என்று தீர்ப்பளித்துவிடும். 711 முதல் 1492 வரை ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சி நிலவிய வரலாறும் அத்தீர்ப்புக்குத் துணைநிற்கும். இத்தொடர்பை வற்புறுத்தி எழுதிய அறிஞரும் உளர். ஆயினும் செவியின் தீர்ப்பு வேறு. சான்றின் தீர்ப்பு வேறு. ஆதலின் இச்சொல்லின் வரலாற்றைச் சற்று ஆராய்வோம்.

பெரியோர் ஒருவரைப் பன்மையால் அழைக்கும் வழக்கம் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் உண்டு. தமிழில் நாம் 'நீங்கள்' என்பதும் இத்தகையதே. ஆங்கிலத்தில் 'தவ்' ஒருமை, 'யூ' பன்மை. 13ஆம் நூற்றாண்டு முதல், பிரெஞ்சு வழக்கின் செல்வாக்கால், 'யூ' ஒருவர்க்குரிய மரியாதைச் சொல்லாயிற்று. 'தவ்' தாழ்ந்தோர்க்கும் நெருங்கியோர்க்கும் உரியதாய் நின்றது. 1603இல் சர் வால்டர் ராலி மீது நடந்த இராசத் துரோக வழக்கில், அரசு வழக்குரைஞர் எட்வர்ட் கோக் அவரைத் 'தவ்' என்று அழைத்தே அவமதித்தார்.

இவ்வேற்றுமையைக் குவேக்கர் என்னும் கிறித்தவக் குழுவினர் ஏற்கவில்லை. இறைவனையே ஒருமையில் அழைக்கும்போது மனிதனுக்குப் பன்மை எதற்கு என்பது அவர்தம் வாதம். அவர்தம் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் தோழர் இருவருடன் 1660இல் வெளியிட்ட நூல், ஒருமை பன்மை வேறுபாட்டுக்கு அரபு உட்படப் பல மொழிகளைச் சான்று காட்டிற்று. நீதிபதிகளையும் 'தவ்' என்றழைத்து அவர்கள் துன்புற்றனர். அவர்கள் வேண்டிய சமத்துவம் வேறு வழியில் வந்தது. மக்கள் எல்லாரையும் 'யூ' என்றே அழைக்கலாயினர். 'தவ்' வழிபாட்டிலும் கவிதையிலும் சில வட்டார வழக்குகளிலும் ஒதுங்கிற்று.

ஸ்பெயினில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. அங்கே 'தூ' ஒருமை. 'வோஸ்' மரியாதைச் சொல். பலரும் பலருக்கும் வழங்கவே 'வோஸ்' மதிப்பிழந்தது. 16ஆம் நூற்றாண்டில் மானமுள்ளோர் அதனை இழிவெனக் கருதினர். மரியாதைப் பட்டங்களின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த மன்னர் இரண்டாம் பிலிப் 1586இல் ஆணையே பிறப்பித்தார். 'வோஸ்' இழந்த இடத்தை, 'தங்கள் அருள்' எனப் பொருள்படும் 'வுவெஸ்த்ரா மெர்ஸெத்' என்னும் தொடர் பிடித்தது. 1605இல் வெளிவந்த செர்வாண்டெஸின் 'டான் குயிக்ஸாட்' நூலில் பணியாள் சாஞ்சோ தன் தலைவனை இவ்வாறே அழைக்கிறான். இத்தொடர் மக்கள் நாவில் தேய்ந்து, 'வுஸ்தெத்' முதலிய வடிவங்களாகக் குறுகி, 17ஆம் நூற்றாண்டில் 'உஸ்தெத்' ஆயிற்று.

இதற்குச் சொல்லுக்குள்ளேயே இரு சான்றுகள் உள. முன்னிலைச் சொல்லாயிருந்தும் 'உஸ்தெத்' படர்க்கை வினையையே ஏற்கும். 'அருள்' படர்க்கைப் பெயராதலே அதன் காரணம். மேலும், அச்சொல்லின் சுருக்க வடிவங்களுள் ஒன்று இன்றும் பழைய வகர எழுத்திலேயே தொடங்குகிறது. 'உஸ்தாத்' மூலமாயின் இவ்விரண்டும் விளக்கமின்றி நிற்கும்.

ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடர் அறுபடாதிருத்தலை நாம் வேண்டுகிறோம். செய்தி இனிமையானது என்பதற்காக அறுந்த தொடரை ஏற்பதில்லை. சொல்லாராய்ச்சியிலும் அந்நேர்மையைக் கைவிடலாகாது. ஸ்பானிய மொழிக்கு அரபு தந்த செல்வம் ஐயமற்றது. 'இன்னார்' எனப் பொருள்படும் 'ஃபுலானோ' நம் 'ஃபுலான்' அன்றோ? 'வரை' எனப் பொருள்படும் 'அஸ்தா', 'ஹத்தா'விலிருந்து வந்தது. ஸ்பானியர் தம் ஆவலை வெளியிடக் கூறும் 'ஒஹாலா'வில் அல்லாஹ்வின் திருநாமமே ஒலிக்கிறது. இத்துணைச் செல்வம் உடையார்க்குப் பிறர் பொருளை உரிமை கொண்டாட வேண்டிய தேவை என்ன?